மூங்கில் வளைவு விளக்கின் போன் நம்பர்

ஜூலை 1

காலை ஆறரைக்கு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மூங்கில் வளைவுக்குப் போனேன். விளக்குக்காகப் போன் பேச வேண்டிய நாள்.

புது நோட்டு என்பதால் முறையாக எழுதிவிடுகிறேன். எங்கள் சாம்பப்பாறை எஸ்டேட்டுக்கு வரும் டவுன் பஸ் நிற்கும் இடம் மூங்கில் வளைவு. அங்கிருந்து தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குத் தேயிலைக்குள் பத்து நிமிட நடை. போன வருஷம் வளைவின் மேட்டில் பத்தடிக் கம்பம் நட்டு, ஒரு சிவப்பு விளக்கும் பெட்டியும் மாட்டினார்கள். பெட்டிக்குள் ஒரு பிரீபெய்டு சிம் கார்டு. பக்கத்தில் யானை நின்றால் அந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். இரண்டு ரிங்கில் விளக்கு எரியும். எரிந்தால் பஸ் வளைவில் நிற்காது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஃபேக்டரி வாசலில் இறக்கிவிடும், அங்கிருந்து எஸ்டேட் ஜீப்பில் வரலாம். எரியாவிட்டால் பயமில்லை என்று அர்த்தம். மிஸ்டு கால் கொடுக்கும் உரிமை இரண்டே பேருக்கு: எனக்கும், யானைக் காவலர் பேச்சியப்பனுக்கும்.

மிஸ்டு கால் பேச்சுக் கணக்கில் வராதாம். மூன்று மாதம் பேசாத நம்பரைக் கம்பெனி பிடுங்கிவிடுமாம். ஆகவே மாதா மாதம் ஒன்றாம் தேதி ஏணி வைத்து ஏறி, பெட்டியைத் திறந்து, சிம்மை என் போனில் போட்டு, யாருக்காவது ஒரு நிமிஷம் பேசி, திரும்ப மாட்டி, ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். வனத்துறை ரேஞ்சர் இந்த வேலையை என்னிடம் கொடுத்ததற்குக் காரணம் என் கையெழுத்து. இலை எடை எழுதும் கிளார்க்காக இருபத்தொன்பது வருஷம். இந்த ஞானசிகாமணியின் நோட்டில் ஓர் அடித்தல் காட்டட்டும் பார்க்கலாம்.

மகள் பெனிலாவுக்குத்தான் பேசினேன். டவுனில் ஒரு மொபைல் கடையில் ரீசார்ஜ் போட்டுக் கொடுக்கும் வேலை அவளுக்கு. அம்மா இல்லாத பெண், மாலை பஸ்ஸில் தனியாக வருகிறவள்.

"யாரு, விளக்கா பேசுறது?" என்றாள்.

"ஆமா. சீக்கிரம் எந்திரிச்சு சோறு கட்டு."

"விளக்குக்கு வாய் ரொம்பத்தான் நீளம்" என்று வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 1

மழை. கொட்டு கொட்டென்று கொட்டுகிறது. மேட்டில் அட்டை புழுத்துக் கிடக்கும். வலது முட்டி மடங்கவே மாட்டேன் என்கிறது. இந்த ஈரத்தில் மூங்கில் ஏணியில் ஏறினால் என்னைத்தான் இறக்கித் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

ரிஜிஸ்டரில் எழுதினேன்: 1.8, காலை 6.50, ஒரு நிமிஷம் பேசப்பட்டது, விளக்கு நல்ல நிலை. நாளை மழை விட்டதும் போய்ப் பேசிவிட்டால் எழுதியது உண்மையாகிவிடும்.

ஆகஸ்ட் 2

மழை.

ஆகஸ்ட் 6

மழை. எடைக் கொட்டகை ஒழுகுகிறது. இலைப் பைகளை நகர்த்துவதற்கே நாள் போதவில்லை.

ஆகஸ்ட் 19

ஏழு யானை, ஒரு குட்டியோடு ஓடையோரம் இறங்கியிருக்கின்றன. பேச்சியப்பன் மிஸ்டு கால் கொடுத்தான். விளக்கு ஜம்மென்று எரிந்ததாம். என் வீட்டிலிருந்து மரங்கள் மறைப்பதால் எனக்கு அது தெரியாது. பெனிலா ஃபேக்டரி வாசலில் இறங்கி ஜீப்பில் வந்தாள்.

இந்த மாதம் யாரும் பேசவில்லை, விளக்கு எரிகிறது. மூன்று மாதம், பிடுங்கிவிடுவார்கள் என்பதெல்லாம் நம்மைப் பயமுறுத்தச் சொல்வது போலிருக்கிறது. ரிங் போகிற நம்பர் எப்படிச் சாகும்?

செப்டம்பர் 1

ஞாயிறு. கோயிலுக்குப் போக வேண்டும். மேட்டுக்குப் போய்ச் சேற்றோடு ஆராதனையில் உட்கார முடியாது. போன மாதம் எழுதிய அதே பேனாவால் எழுதினேன். வரிசை நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 14

ரேஞ்சர் வந்தார். என் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்து, "இப்படி ஒருத்தர் ஒவ்வொரு எஸ்டேட்லயும் இருந்தா எனக்கு வேலையே இல்ல சார்" என்றார். பேச்சியப்பனின் ரோந்து நோட்டில் பதினோரு நாள் வெறுமையாக இருந்தது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்ப்பா, நடக்கத் தெரியுது, மலை ஏறத் தெரியுது, ஒரு வரி எழுத வராதா? எழுதலன்னா நீ போகலன்னுதான அர்த்தம்?"

"போனேன் சார். எழுதத்தான் விட்டுப்போச்சு" என்றான்.

ரேஞ்சர் சிரித்தார். அவன் கோபப்படவில்லை. போகும்போது என் முட்டி வலிக்கு ஏதோ ஓர் இலையைப் பறித்துக் கொடுத்துவிட்டுப் போனான். அரைத்துப் போட்டேன். கொஞ்சம் தேவலை.

அக்டோபர் 1

எழுதினேன்.

அக்டோபர் 16

சாப்பிடும்போது பெனிலா கடைக் கதை சொன்னாள். ஒரு பெரியவர் வந்து அழுதாராம். மகன் துபாயிலிருந்து கூப்பிடுவதற்கென்று தனியாக ஒரு நம்பர் வைத்திருந்தார். மகன் இன்னொரு நம்பருக்கே பேசிக்கொண்டிருந்ததால் இது மூன்று மாதம் சும்மா கிடந்து கட்டாகிவிட்டது.

"திருப்பி வாங்க முடியாதா?" என்று கேட்டேன்.

"நாள் தாண்டிடுச்சுன்னா முடியாதுப்பா. வேற யாருக்காவது குடுத்துடுவாங்க."

"சொல்லாம கொள்ளாமலா கட் பண்ணுவான்?"

"சொல்லுவாங்கப்பா. மெசேஜ் மேல மெசேஜ் வரும். அந்த நம்பருக்குத்தான் வரும். அவர் போனைத் திறந்து பாத்தாத்தான?"

ரசம் தொண்டையில் ஏறிக்கொண்டது. அவள் முதுகில் தட்டினாள். அந்த மெசேஜ்கள் வந்திருந்தால் பத்தடி உயரத்தில் பூட்டிய பெட்டிக்குள் வந்திருக்கும்.

அக்டோபர் 17

கொட்டகையில் யாரும் இல்லாதபோது விளக்குக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். ரிங் போகவில்லை. ஒரு பெண் குரல், நீங்கள் அழைக்கும் எண் உபயோகத்தில் இல்லை என்றது. மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் அதே குரல், அதே மரியாதை.

மழைக் காலத்தில் டவர் இப்படிக் கோளாறு செய்வது உண்டு.

அக்டோபர் 18

அதே குரல்.

அக்டோபர் 19

எடைக்காரர்கள் சங்கக் கூட்டம் என்று பெனிலாவிடம் சொல்லிவிட்டு டவுனுக்குப் போனேன். அவள் கடை இல்லாத தெருவில் வேறொரு கடையில் விசாரித்தேன். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே வந்தாலும் இனி அந்த நம்பர் கிடைக்காது என்றான். புது நம்பர் வாங்கினால் பெட்டியைக் கழற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பி மாற்ற வேண்டும். அதற்கு ரேஞ்சரின் கையெழுத்து வேண்டும். அவரிடம் என்னவென்று சொல்வது? ரிஜிஸ்டரில் ஒன்றாம் தேதிதான் பேசியிருக்கிறேன்.

தீபாவளி முடியட்டும். அடுத்த ஒன்றாம் தேதி ஏறிப் பார்த்ததாகவும், அப்போதுதான் பழுது தெரிந்ததாகவும் எழுதலாம். பதின்மூன்று நாள். யானைகள் இப்போது கேரளப் பக்கம்தான் நிற்கின்றன.

அக்டோபர் 21

பெனிலாவிடம், "வளைவில் இறங்காதே, ஃபேக்டரி வாசலிலேயே இறங்கி வா" என்றேன். ஏன் என்றாள். பாதை வழுக்குகிறது என்றேன்.

"விளக்குதான் எரியலயேப்பா. எதுக்குச் சுத்திக்கிட்டு வரணும்?"

முன்னெல்லாம் இந்தப் பாதையில் பத்துப் பேர் சேர்ந்து, தகரம் தட்டிக்கொண்டு வருவார்கள். விளக்கு வந்த பிறகு ஆளாளுக்குத் தனியாகக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த விளக்கை அவ்வளவு நம்புகிறார்கள்.

அக்டோபர் 24

மதியத்திலிருந்து மூடுபனி. ஐந்தே முக்காலுக்குப் பேச்சியப்பன் போன் செய்தான். வளைவுக்குக் கீழே ஒற்றைக் கொம்பன் நிற்கிறது என்றான். ஏதோ கேட்டான். கேட்டதற்குப் பதில் சொன்னேன். வைத்துவிட்டான்.

பெனிலாவைக் கூப்பிட்டேன். மலைப்பாதையில் சிக்னல் கிடைக்காது என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். பதினான்கு முறை. பஸ் ஆறு பத்துக்கு வளைவுக்கு வரும். செருப்பைப் போட்டேன். குடையைக் காணோம். தேடினேன். குடை கிடைத்தபோது மணி ஆறு ஐந்து. இருட்டு கட்டிவிட்டது. வாசல்படியில் நின்றேன். இந்த முட்டியை வைத்துக்கொண்டு நான் போய் என்ன செய்திருக்க முடியும்? படியில் நின்று ஜெபம் செய்தேன்.

ஆறே முக்காலுக்கு ஜீப் சத்தம். பெனிலா முழுசாக இறங்கி வந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"என்னப்பா? விளக்கு எரிஞ்சுது, பஸ் நிக்கல, ஃபேக்டரியில இறங்கி வந்தேன். எப்பவும் போலத்தான?"

விளக்கு எரிந்ததாம்! அப்படியானால் அந்தக் குரல் சொன்னது பொய். டவர் கோளாறுதான். எட்டு நாளாக என்னைக் கொன்றுகொண்டிருந்தது வெறும் டவர் கோளாறு. எனக்குப் பசி எடுத்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

கை கழுவும்போது பெனிலா சொன்னாள்: "இன்னிக்கு விளக்கு ஆடிக்கிட்டே இருந்துச்சுப்பா. இங்கயும் அங்கயுமா."

"காத்தா இருக்கும்" என்றேன்.

எட்டு மணிக்குப் பேச்சியப்பனின் மனைவி வடிவு வாசலில் வந்து நின்றாள். "இவரு இங்க வந்தாரா சார்? போன் போகல."

"யானை பின்னாடியே போயிருப்பான்மா. விடியக்காலையில வந்துடுவான்."

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போய்விட்டாள்.

அக்டோபர் 25

வளைவுக்குக் கீழே பேச்சியப்பன் கிடந்ததைக் காலையில் கொழுந்து பறிக்கப் போன பெண்கள் பார்த்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். அதை எழுத முடியவில்லை. கம்பம் அடியோடு சாய்ந்து, பெட்டி நசுங்கிக் கிடந்தது. அவன் போனும் அப்படியே. ஓர் ஆள் தூரத்தில் டார்ச் லைட் கிடந்தது. அதன் முகத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

அதைப் பார்த்ததும் நான் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் பாவம், கூட வேலை செய்தவர் என்றார்கள்.

வடிவு ரேஞ்சரிடம், விளக்கு எரியாததால்தான் அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு போனார் என்றாள். ரேஞ்சர் பஸ் டிரைவரைக் கேட்டார். விளக்கு எரிந்தது, பனியில் சிவப்பாகத் தெரிந்தது, அதனால்தான் நிறுத்தவில்லை என்றான். பஸ்ஸில் வந்த நான்கு பேரும் அதையே சொன்னார்கள். டார்ச்சில் துணி கட்டுவது யானை பின்னால் போகும் காவலர்களின் வழக்கம்தான் என்றார் ரேஞ்சர். பிறகு என்னிடம் ரிஜிஸ்டரைக் கேட்டார். எடுத்து வந்து கொடுத்தேன்.

அக்டோபர் 26

அடக்கம். மழை.

வீட்டுக்கு வந்து போனில் இருந்த பழைய அழைப்புப் பட்டியலை எல்லாம் அழித்தேன். சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது.

அக்டோபர் 29

ரேஞ்சர் ஒரு தாளை நீட்டினார். ரிஜிஸ்டரின்படி எண் மாதந்தோறும் முறையாக உபயோகத்தில் இருந்தது. சம்பவ நாளில் விளக்கு எரிந்தது. எரிந்தும் காவலர் எச்சரிக்கையின்றித் தன் இஷ்டப்படி யானையை நெருங்கியுள்ளார். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"இப்படி எழுதினா அந்தக் குடும்பத்துக்கு…" என்று இழுத்தேன்.

"கஷ்டம்தான். பணியில இறந்தார்னு போட முடியாது. ஆளு குடிச்சிருந்தானோ என்னவோ. அவன் நோட்டைத்தான் நீங்களே பாத்திருக்கீங்களே."

கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து இன்றைக்கும் நன்றாகவே இருந்தது. புதிதாக மூன்று இடங்களில் விளக்கு வரப்போகிறதாம். மூன்றையும் என் பொறுப்பில் விடப்போகிறாராம்.

அக்டோபர் 31

தீபாவளி. லைனில் ஒரு பட்டாசுச் சத்தம் இல்லை.

நவம்பர் 3

பெனிலா கோயிலுக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது அடுப்பு பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"கம்பம் பத்தடி உசரம் இருக்கும்லப்பா?"

"ஆமா."

"அன்னிக்கு நான் பாத்தது மனுஷ உசரத்துல இருந்துச்சு."

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"நேத்து கடையில விளக்கு நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுப் பாத்தேன். அப்படி ஒரு நம்பரே இல்லைங்குது. ஜூலைல எனக்குப் பேசினீங்க. அதுக்கப்புறம் யாருக்குப்பா பேசினீங்க?"

"யாருக்கோ பேசினேன். எல்லாம் ஞாபகம் இருக்குமா?"

"யாருக்கு?"

"ரிஜிஸ்டர்ல இருக்கு, போய்ப் பாரு!" என்று கத்தினேன். அவள் அம்மா போன பிறகு அவளிடம் நான் கத்தியதே இல்லை. இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

நவம்பர் 5

பெனிலா இரண்டு நாளாக என்னிடம் பேசுவதில்லை. கடையிலிருந்து வந்ததும் நேராக வடிவு வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். அங்கே என்ன பேசுகிறாள் என்று கேட்கத் துணிவில்லை.

நாலு மாதமாக இந்த நோட்டிலும் நான் யோக்கியனாகத்தான் இருந்திருக்கிறேன். யாருக்காக என்று தெரியவில்லை. சரி, எழுதுகிறேன்.

அன்று பேச்சியப்பன் கேட்டது இதுதான்: "சார், ஆறு தடவ அடிச்சுட்டேன், நம்பர் உபயோகத்துல இல்லைங்குது. போன ஒண்ணாந்தேதி பேசினீங்கல்ல?"

நான், "பேசினேன்" என்றேன். "வயர் எங்கயாவது கழண்டிருக்கும், போய்ப் பாரு" என்றேன்.

"சரிங்க சார்" என்றான் அவன்.

பேசவில்லை, நம்பர் செத்து எட்டு நாளாகிறது, வேறு ஏதாவது செய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லைனில் பத்து ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். தீப்பந்தத்தோடு எல்லோரும் போயிருப்பார்கள். நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி, கழன்ற வயரைத் தேடிக்கொண்டு தனியாகப் போய்விட்டான். நான்தான் அனுப்பினேன்.

நவம்பர் 6

எடைக் கொட்டகைக்கு லீவு சொல்லிவிட்டு ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு வடிவு வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. பலகையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"ஆகஸ்ட்ல இருந்து நான் பேசலைம்மா" என்றேன். "மூணு மாசமும் பொய்யா எழுதினேன். அந்த நம்பர் செத்துப்போனது எனக்கு முன்னாடியே தெரியும். அவன் கேட்டப்போ பேசினேன்னு சொன்னேன். அதை நம்பித்தான் அவன் போனான்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"நம்பலைங்க சார்."

எனக்குப் புரியவில்லை.

"உங்ககிட்ட பேசிட்டு உள்ள வந்து, 'சிவப்புத் துணி இருக்கா'ன்னாரு. என் பாவாடையிலதான் கிழிச்சுக் குடுத்தேன். விளக்கு எரியும்னு நம்பியிருந்தா அவருக்குத் துணி எதுக்கு? 'சாரு பேசியிருக்க மாட்டாரு, மழையில ஏணி தூக்குற ஆளா அவரு'ன்னு சிரிச்சாரு. போய் அவருகிட்டயே கேளுங்கன்னேன். 'கேட்டுக்கிட்டு நிக்க நேரமில்ல புள்ள, லைன்ல ஆளு கூட்டவும் நேரமில்ல, பஸ் வந்துரும். சாரு பொண்ணும் அதுலதான வருது'ன்னுட்டு ஓடினாரு."

நான் முகத்தை மூடிக்கொண்டேன். அவள் முன்னால், என் வயசையும் மறந்து, சத்தம் போட்டு அழுதேன். அவள் அழவில்லை. என்னைத் தேற்றவும் இல்லை.

"அன்னிக்கே உங்க வாசலுக்கு வந்தேன். நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். மறுநாள் ரேஞ்சர் முன்னாடி சொல்லுவீங்கன்னு பாத்தேன். உங்க பொண்ணு வந்து வந்து உட்காந்து அழுதுட்டுப் போகுது. அது எதுக்கு அழணும்?"

"இப்பச் சொல்றேன்மா. எங்க வேணும்னாலும் சொல்றேன்."

"என்கிட்ட சொல்லி என்ன ஆவப்போகுது? அவரு தன் இஷ்டத்துக்குப் போயி மாட்டினாருன்னு ஆபீஸ்ல எழுதி வச்சிருக்காங்க. அங்க வந்து சொல்லுங்க. நாளைக்கு ஒம்பது மணி பஸ்ஸு."

"வர்றேன்" என்றேன். "கண்டிப்பா வர்றேன்."

அவள் மறுபடி முறத்தைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் அரிசியைப் புடைத்தாள்.

"எட்டரைக்கெல்லாம் நான் உங்க வாசல்ல வந்து நிக்கிறேன் சார்" என்றாள். "சேர்ந்தே போவோம்."